ஜாம் போத்தல் வெளிச்சம்



போர்க்காலத்தில் பிள்ளைகளாக இருந்தோரின் நினைவுகளைக் கேட்டு எழுத முற்படுபவர், முதலில் ஆண்டையும் திகதியையும் விசாரிக்காமல், அவர்கள் கையில் பிடித்த பொருள்களைப் பற்றி விசாரிப்பதே நல்லது. ஏனெனில் பிள்ளை மனத்தில் போர் வெளிச்சமாகவும் ஓசையாகவும் பசியாகவுமே பதிகிறது.

இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அரசு பொருளாதாரத் தடை விதித்தது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் அரும்பொருள்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். பனம்பழக் களியால் துணி துவைத்தனர். ஜாம் போத்தல் விளக்கும் அக்காலத்துக்குரியதே. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவே மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியொன்றை உள்ளேயே எரியவிடுவது அதன் அமைப்பு. சுடர் கண்ணாடிக்குள் நின்றதால் காற்றுக்கு எளிதில் அணையவில்லை, எண்ணெயும் மிச்சமாயிற்று. ஆயினும் அவ்வெளிச்சம் விரித்த கொப்பியைத் தாண்டாததால், பிள்ளைகள் தலையோடு தலை முட்டவே படிக்க வேண்டியிருந்தது. இதனை மக்களின் திறமையாக மட்டும் புகழ்வது பாதி உண்மையே. அத்திறமையை அவர்கள் விரும்பித் தேடிக்கொள்ளவில்லை.

ஓசையைப் பற்றியும் கேட்க வேண்டும். ‘பொம்பர்’ எனப்பட்ட குண்டுவீச்சு விமானத்தையும் ‘ஹெலி’யையும் கண்ணால் காணுமுன்பே இரைச்சலால் பிரித்தறிந்து, பிள்ளைகள் ‘பங்கரு’க்குள், அதாவது முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழிக்குள், இறங்கினர். அதன் மேல் தென்னங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை போடுவதும், சிதறல்கள் நேரே பாயாதிருக்க ‘ட’ வடிவில் வெட்டுவதும் வழக்கம். அக்குழிக்குள் விளையாடியதைச் சிரித்தபடி சொல்பவரும் உண்டு. அச்சிரிப்பைக் கொண்டு அங்கே அச்சம் இருக்கவில்லை என்று எழுதிவிடலாகாது.

திகதியைப் பின்னர் சரிபார்க்கலாம். மழையில் நனைந்தபடி, நகர முடியாத நெரிசலில், நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்த இரவு என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் 1995 ஒக்டோபர் 30ஆம் நாளின் இடப்பெயர்வே; இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கியபோது, வெளியேறும்படி புலிகள் அறிவித்ததால், இலட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு நடந்தனர்.

அதற்குச் சரியாக 5 ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினர் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அவ்வாறு வெளியேறிய பிள்ளைகள் இன்று புத்தளத்திலும் பிற இடங்களிலும் நடுவயதினராக வாழ்கின்றனர். நகரிலேயே இருந்த தமிழ்ப் பிள்ளைகளுள் சிலருக்கோ, வகுப்பில் பக்கத்து வாங்கு திடீரென வெறுமையானது நினைவிருக்கக்கூடும். அந்த வாங்கில் யார் இருந்தார் என்று கேட்டபின், மறுமொழி வரத் தாமதமானாலும் அடுத்த கேள்விக்குப் போகாமல் காத்திருப்பதே முறை.