நிலாவில் பட்டாசு வெடிக்குமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. 'நிலாவில் பட்டாசு போட்டால் வெடிக்குமா?' என்று கேட்டிருந்தாய். வெடிக்கும், சத்தம்தான் கேட்காது. சத்தத்தைச் சுமந்துவர அங்கே காற்று இல்லை. காற்றே இல்லாத இடத்தில் பட்டாசு எப்படி எரியும் என்று அடுத்து கேட்பாய். அதற்கான பதில் சிவகாசிப் பக்கத்து நம் விஸ்வநத்தத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய பொருளிலேயே இருக்கிறது.

கருமருந்தில் மூன்றே சரக்கு: வெடியுப்பு, கரி, கந்தகம். 100 கிராம் மருந்தில் 75 கிராம் அளவுக்கு வெடியுப்பு. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஆக்சிஜன். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை மருந்து தன்னோடே வைத்திருக்கிறது. அதனால்தான் எரிகிற மருந்தைக் காற்றுப் புகாமல் மூடி அணைத்துவிட முடியாது. அந்த நேரத்தில் விலகி ஓடுவது ஒன்றே வழி.

வெடியுப்பிலுள்ள நைட்ரஜன், வெடித்ததும் வாயுவாகிக் காற்றோடு சேர்ந்துவிடுகிறது. காற்றில் பெரும்பங்கு அதுதான். உலர்ந்த காற்றில் 78 சதவீதம். ஆக்சிஜன் 21 சதவீதம். மீதியில் ஆர்கான் 0.93. கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான் என்றாலும் பூமியின் சூட்டைப் பிடித்துவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நீராவியின் கணக்கு மட்டும் இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் உலர்ந்து இறங்குகிறது. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசி வட்டாரத்தில் வேரூன்றியதற்கு இந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். பட்டாசு வேலைவிட்டு வரும் அம்மாவின் கையைப் பார். நகக்கண்ணில்கூட வெள்ளிப் பூச்சாக ஒட்டியிருப்பது அலுமினியத் தூள். அது ஈரத்தோடு சேர்ந்தால் மெல்லச் சூடேறி ஹைட்ரஜனை வெளிவிடும். கலந்துவைத்த மருந்தில் அந்தச் சூடு தங்கினால் தானாகவே தீப்பிடிக்கலாம். மழை நாளில் மருந்து வேலைக்கு இத்தனை பயம் எதற்கு என்று இப்போது புரியும்.

இனி காற்று மண்டலத்தின் அடுக்குகள். உன் பாடப் புத்தகத்தில் ஐந்து பெயரும் இருக்கும், மனப்பாடமும் செய்திருப்பாய். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு பொருள் காற்றில் என்ன செய்யும் என்பது அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கீழடுக்கு நம் பக்கத்தில் 16 முதல் 18 கி.மீ. வரை போகும், துருவத்தில் 8, 9 கி.மீ.தான். காற்றின் மொத்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் இதில்தான். ஒரு கி.மீ. ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குளிரும். 2 கி.மீ.க்குச் சற்று மேலே இருக்கும் கொடைக்கானல் நம் ஊரைவிட 13 டிகிரி குளிர்ந்திருப்பது இந்தக் கணக்கில்தான். கீழே சூடு, மேலே குளிர் என்பதால் காற்று ஏறி இறங்கிப் புகையைக் கலைத்துவிடும். காற்றசையாத குளிர் இரவில் இது தலைகீழாகும்: தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்து, புகை எழும்ப முடியாமல் ஊரிலேயே படுத்துவிடும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடுமாறியது பனியும் புகையும் இப்படிச் சேர்ந்ததால்தான்.

பட்டாசில் எரிந்த கந்தகம் கந்தக டை ஆக்சைடாகிறது. கீழடுக்கில் அதை மழையும் ஈரமும் சில நாளில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில் கழுவிவிடும். அதே வாயு 50 கி.மீ. வரை பரவியுள்ள மீள் அடுக்குக்குப் போய்விட்டால்? அங்கே மேலே போகப் போக வெப்பம் கூடுவதால் காற்று ஏறி இறங்காது, மழையும் கிடையாது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை ஏறக்குறைய 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை அங்கே ஏற்றியது. அது அமிலத் துளிகளாகி வெயிலை மறித்ததில் உலகமே ஓரிரு வருடம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது.

ஓசோனும் அப்படித்தான். மீள் அடுக்கில் அது புற ஊதாக் கதிரைத் தடுக்கிற காவல். மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலுக்குக் கேடு. கம்பி மத்தாப்பின் ஒளியே காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிளந்து ஓசோனை உண்டாக்குகிறது என்று டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மத்தாப்பை முகத்தை விட்டுத் தள்ளிப் பிடி என்று ஆச்சி சொல்வதில் இதற்கும் சேர்த்தே நியாயம் இருக்கிறது.

அதற்கும் மேலே ஏறக்குறைய 85 கி.மீ. வரை இடையடுக்கு, எரிகற்கள் பெரும்பாலும் எரிந்து தீருவது இங்கே. பலூனுக்கு இது எட்டாத உயரம், செயற்கைக்கோளுக்கோ மிகத் தாழ்வு. இந்த உயரத்துக் காற்றை ரேடார் கொண்டு அளந்தவர்கள் நமக்குத் தெற்கே, திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் புவிகாந்தவியல் ஆய்வகத்தார்.

அடுத்தது வெப்ப அடுக்கு. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கே போய்ச் சோடிய ஆவியை விட்டது. பட்டாசில் மஞ்சள் நிறம் தருகிற அதே சோடியம். தரையில் இருட்டத் தொடங்கிய நேரம். அந்த உயரத்தில் இன்னும் வெயில். ஆவி ஆரஞ்சு மேகமாக ஒளிர்ந்தது. அது நகர்ந்த திசையையும் வேகத்தையும் வைத்து அங்கே அடிக்கும் காற்றைக் கணக்கிட்டார்கள். கடைசியில் இருக்கும் வெளியடுக்கு, எல்லை இதுதான் என்று சொல்ல முடியாதபடி விண்வெளியில் கரைந்துவிடுகிறது.

பரீட்சையில் அடுக்குகளைப் பற்றிக் கேட்டால் பெயரையும் உயரத்தையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. கந்தகம் கீழடுக்கிலும் மீள் அடுக்கிலும் எத்தனை நாள் தங்கும், ஏன் என்று ஒரு வரி சேர். வரும் தீபாவளி ராத்திரி மொட்டைமாடியில் நின்று புகை மேலே கலைகிறதா, தெருவிலேயே படுக்கிறதா என்று கவனித்து, காரணத்தையும் நீயே யோசித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா