கட்டளையை அழிக்கும் நொதி



கையை மடக்கு என்று மூளை கட்டளையிட்டதும் கை மடங்குகிறது. மடங்கிய கை மீண்டும் நீள வேண்டுமே! முந்திய கட்டளை அழிந்தால்தான் அடுத்ததற்கு இடமுண்டு. இறைவன் படைத்த இவ்வுடலில் அப்பணியைச் செய்வது அசிட்டைல்கோலின் எஸ்ட்டரேஸ் என்னும் நொதி. பெயர் நீளந்தான், ஆயினும் நம் ஊர்ப் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர்.

நரம்புச் செல்லின் நுனிக்கும் தசைக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதைக் கடந்து செய்தி சொல்வது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். நரம்பு இவ்வாறு வேதிப்பொருள் வழியே பேசுவதை 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு மெய்ப்பித்தார். 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செய்தி சேர்ந்ததும் நமது நொதி அதைக் கணத்தில் சிதைத்துவிடும். இந்நொதியை ஆக்கும் ஜீன் 7-ஆம் குரோமோசோமில் உள்ளது.

பருத்திக்குப் பல்லாண்டு தெளிக்கப்பட்ட மானோகுரோட்டோபாஸ், இன்றும் தெளிக்கப்படும் புரோபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் பூச்சியின் இந்நொதியைத்தான் முடக்குகின்றன. மனிதரிடமும் இதே நொதி இருப்பதால், தோல் வழியே உடலில் புகுந்தாலும் ஆபத்துதான். கட்டளை அழியாமல் தேங்கிவிடும். கண்பாவை சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், தசைகள் துடிக்கும், பின் மூச்சு திணறும். மருந்தடித்த தந்தைக்கோ அண்ணனுக்கோ இவ்வாறு கண்டால், உடனே நனைந்த உடையைக் களைந்து, சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையுங்கள். புட்டியின் பெயர்ச்சீட்டு மருத்துவருக்குப் பேருதவி. அங்கே அட்ரோப்பின் கொடுப்பார்கள். 'மோர் குடித்தால் சரியாகும்' என்று காலங்கடத்துவோரை நம்பாதீர்கள்.

இந்நொதிக்கு இரத்தத்தில் ஓர் உறவுக்காரர் உண்டு: பியூட்டிரைல்கோலின் எஸ்ட்டரேஸ். இதன் ஜீன் 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நஞ்சேறிய அளவை அறிய மருத்துவர்கள் சோதிப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆரிய வைசிய சமூகத்தில் சிலரிடம் இந்த நொதி வேலை செய்வதில்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தார் பங்கேற்ற ஆய்வொன்று 2006-இல் காரணத்தை வெளியிட்டது. புரதச் சங்கிலியில் 307-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் அமர்ந்திருக்கிறது. ஓர் எழுத்துப் பிழை போன்றதே! இவர்கள் அன்றாட வாழ்வில் நலமாகவே இருப்பர். ஆனால் அறுவைச் சிகிச்சையின்போது தசை தளரத் தரும் சக்சினைல்கோலின், பிறருக்குச் சில நிமிடங்களில் தெளியும். இவர்களுக்கோ மணிக்கணக்கில் மூச்சுத் தசைகளை முடக்கிவைக்கும். செயற்கைச் சுவாசம் தந்து காக்க வேண்டும். வீட்டில் எவருக்கேனும் முன்பு அப்படி நேர்ந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் சொன்னால் போதும். அவர் வேறு மருந்தைக் கையாளுவார்.