முப்பதாயிரம் ரூபாயில் ஒரு கணிப்பொறி

இன்று கணிப்பொறியின் துணையின்றி அறிவியல் பயில்வது அரிது. ஆய்வுக்கூட அளவீடுகளை வரைபடமாக்கவும், பைத்தான் மொழியில் நிரல் எழுதவும், இணையவழிப் பாடங்களைக் கேட்கவும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கான பணம் நம்மில் பலருக்கு எளிதில் கிடைப்பதில்லை. பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டால், பின்னாளில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். எதை முதலில் தேர்ந்தெடுப்பது, எதோடு எதைச் சேர்ப்பது என்பதை என் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் செய்த பிழை

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். 2024-ஆம் ஆண்டு அம்மா சீட்டு எடுத்து முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தார். உறவினர் ஒருவர் தம் பழைய திரையைத் தந்தார். செயலியாக இன்டெல் ஐ3-12100எஃப் வாங்கினேன். 'எஃப்' இல்லாத 12100-ஐவிட அது இரண்டாயிரம் ரூபாய் குறைவு. இரண்டிலும் நான்கு கருக்கள், வேகமும் ஒன்றே. ஆகவே சிக்கனம் செய்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

எல்லாம் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரையோ இருண்டே கிடந்தது. அருகில் நின்ற அம்மா, "ஏங்கண்ணு, கெட்டுப் போச்சா?" என்றார். ஒன்றும் கெடவில்லை. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி 12100-இன் உள்ளேயே உண்டு. 'எஃப்' என்று முடியும் செயலியில் அது இயங்காது. அதற்குத் தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கவேண்டும். உறை பிரித்த பொருளாதலால், கடைக்காரர் 1,500 ரூபாய் கழித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அது அப்பாவின் மூன்று நாள் கூலி. ஓர் எழுத்தைக் கவனியாததற்கு நான் கொடுத்த விலை!

செயலியும் தாய்ப்பலகையும்

செயலி வாங்குமுன் 'எனக்கு என்ன வேலை?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நிரல் எழுதவும் பாடம் கேட்கவும் நான்கு கருக்களே போதும். பெரிய விளையாட்டுகளுக்குத்தான் தனிக் கிராபிக்ஸ் கார்டு தேவை. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள செயலிகளில், கூடுதல் ஆற்றல் வேண்டுவோர்க்கு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி உண்டு. அதில் ஆறு கருக்கள்.

செயலி அமரும் இடத்திற்குச் சாக்கெட் என்று பெயர். ஐ3-12100 அமர்வது எல்ஜிஏ 1700 சாக்கெட்டில். 5600ஜி அமர்வது ஏஎம்4 சாக்கெட்டில். ஒன்றுக்குரிய பலகையில் மற்றது அமராது. சாக்கெட் பொருந்தினாலும், செயலிக்கு முன்பே விற்பனைக்கு வந்த பலகையானால், அதிலுள்ள பயாஸ் நிரல் அச்செயலியை அறியாதிருக்கலாம். பலகை தயாரிப்பாளர் வெளியிடும் பட்டியலில் செயலியின் பெயரையும் பயாஸ் பதிப்பையும் பார்த்தபின்பே பணம் கொடுக்க வேண்டும்.

நினைவகம்

எல்ஜிஏ 1700 பலகைகளில் டிடிஆர்4 ராம் ஏற்பவை உண்டு. டிடிஆர்5 ஏற்பவையும் உண்டு. இரண்டின் வெட்டும் வெவ்வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் நுழையாது.

இங்கே ஒரு சிறு கணக்கு. டிடிஆர்4-3200 ராம் நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட்டுகள் வீதம் அனுப்ப வல்லது. அதாவது நொடிக்கு 25.6 ஜிகாபைட். ஒரே 16 ஜிபி ராமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி ராம்களை உரிய இடங்களில் செருகினால், இரு பாதைகள் திறந்து இவ்வளவு 51.2 ஆகிறது. உள் கிராபிக்ஸ் இதே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் அதற்குப் பயன் மிகுதி. இழந்த பணத்தால் நான் நான்கு மாதம் ஒற்றை 8 ஜிபி ராமுடன் ஓட்டினேன்; விடுமுறையில் தறிக்கூலி சம்பாதித்தே இரண்டாவதை வாங்கினேன். பாடமும் நிரலும் ஒருங்கே ஓடுகையில் இருந்த தடுமாற்றம் அன்றோடு தீர்ந்தது.

மின்வழங்கி

கடையில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டு வாங்கும் இப்பெட்டியில்தான் பலரும் மிச்சம் பிடிக்கிறார்கள். அது தவறு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் என்பது நாம் படித்ததே. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாமல், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்குங்கள். 30 ஆம்பியர் என்றால் 360 வாட். ஐ3-12100 மிகுதியாக எடுத்துக்கொள்வதே 89 வாட் ஆதலால், தனிக் கார்டு இல்லாத கணிப்பொறிக்கு இது தாராளம். '80 பிளஸ்' சான்று பெற்றதாகவும் இருக்கட்டும். தரமற்ற மின்வழங்கி எரிந்தால் மற்ற பாகங்களையும் பாழாக்கிவிடக் கூடும்.

சேமிப்புக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி போதும். இயக்க முறைமைக்கு லினக்ஸ் உண்டு. அதற்கு விலையே இல்லை.

முடிவுரை

முதலில் வேலை, அடுத்துச் செயலி, அதற்கேற்ற பலகை, பலகைக்கேற்ற ராம், அனைத்தையும் தாங்கும் மின்வழங்கி என்ற வரிசை தவறாமல், எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சரிபார்த்த பிறகே கடைக்குச் செல்லுங்கள். நடந்ததை அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "அச்சுக்கு ஏத்த நூலு போடோணும் கண்ணு. மலிவா கெடைக்குதுன்னு போட்டா தறி ஓடாது" என்றார். பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவர் அவர். நான் இத்தனை பக்கம் எழுதியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.