பிளவுஸ் கட்டிங்: ஜூமா, வீடியோவா?

கேள்வி: பல வருடமாக வீட்டில் தையல் வகுப்பு எடுக்கிறேன். பிளவுஸ் கட்டிங்கை ஆன்லைனில் சொல்லித்தர ஆசை. ஜூமில் நேரலையாக நடத்துவதா, வீடியோ எடுத்துக் கொடுப்பதா?

பதில்: வெட்டிக் காட்டுவதை வீடியோவாக்குங்கள்; திருத்துவதை நேரலைக்கு வையுங்கள். ஆர்ம்ஹோல் வளைவை ஜூமில் வரைந்து காட்டும் நேரத்தில் ஒருவர் வீட்டில் குக்கர் விசிலடிக்கும், பாடம் போயிற்று. பதிவென்றால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். செல்போனை மேஜைக்கு நேர் மேலே மாட்டுங்கள். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, இஞ்ச் டேப்பின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு வீடியோவில் ஒரே வேலை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் பாடங்களை அலசிய 2014 ஆய்வு ஒன்றில், 6 நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களையே மாணவர்கள் அதிக ஈடுபாட்டோடு பார்த்தது தெரியவந்தது.

வீடியோவை மட்டும் விற்றால் பலர் பணம் கட்டியதோடு சரி. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் வீடியோ இலவசம்தான்; ஆனாலும் வாராவாரம் அசைன்மென்ட், அதற்குக் கடைசித் தேதி எல்லாம் உண்டு. நீங்களும் கெடு வையுங்கள். வெட்டிய துணியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை ஜூமில் அந்தப் போட்டோக்களை வைத்தே பேசுங்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் கிடைக்கும். சின்னக் குழுவுக்கு அதுவே போதும்.

உடம்பில் அளவெடுப்பதை மட்டும் திரையில் முழுதாகக் கற்றுத்தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. டேப்பை எவ்வளவு இறுக்குவது என்பது கைக்குத்தான் தெரியும். ஆரம்பத்தில் அளவு பிளவுஸை வைத்தே வெட்டச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருநாள் நேரில் வரட்டும்.