பூனைக்கண்ணு என்று விட்டுவிடாதீர்கள்

பிள்ளையின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போது கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகத் தெரிகிறது. மற்றது மட்டும் வெள்ளையாக மின்னுகிறது. "பூனைக்கண்ணு, அதிர்ஷ்டக்காரப் புள்ள" என்பார் பாட்டி. "கெரகணத்தன்னிக்கு இவ வெளிய போனா, அதான்" என்று தாயைக் குறை சொல்வார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அந்த வெள்ளை ஒளி கண்புரையாலும் வரும், படம் பிடித்த கோணத்தாலும் வரும். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது விழித்திரைப் புற்றுநோய். டாக்டர்கள் ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். உலகத்தில் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்.

இது ஏன் வருகிறது? விழித்திரை என்பது கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒட்டியிருக்கும் நரம்புப் படலம். தாய் வயிற்றில் மூளை உருவாகும்போது அதிலிருந்து கிளைத்து வருவது. அப்போது அதன் உயிரணுக்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக வேண்டும். போதுமானது சேர்ந்ததும் நிற்க வேண்டும். எந்த மரபணு எப்போது வேலையில் இறங்க வேண்டும் என்று ஏவிவிடும் புரதங்கள் உயிரணுவுக்குள் இருக்கின்றன. படியெடுப்புக் காரணிகள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நாம் மண்டோர் என்றே வைத்துக்கொள்வோம். ஈ2எஃப் என்ற மண்டோர் "பெருகு, பெருகு" என்று விரட்டுவார். 13-ஆவது குரோமோசோமில் உள்ள ஆர்.பி.1 என்னும் மரபணு கொடுக்கும் புரதம், நேரம் வரும்வரை அவர் கையைப் பிடித்து நிறுத்தி வைக்கும். அதுதான் பிரேக்.

இந்த ஆர்.பி.1 எல்லாருக்கும் இரண்டு பிரதி உண்டு. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குக் கால் பிரேக்கும் கைப் பிரேக்கும் இருக்கிற மாதிரி. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஒரே உயிரணுவில் இரண்டும் கெட்டால்தான் லோரி உருளும். 1971-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் நட்சன் என்ற டாக்டர் 48 பிள்ளைகளின் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டு இதைச் சொன்னார். மரபணுவையே யாரும் கண்டெடுக்காத காலம் அது. 1986-இல்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். சில பிள்ளைகள் ஒரு பிரேக் கெட்ட நிலையிலேயே பிறக்கிறார்கள். அவர்களுக்கு நோய் சீக்கிரம் வரும், பல சமயம் இரண்டு கண்ணிலும் வரும்.

பிரேக் சரியாக இருந்தும் லோரி ஓடுவது உண்டு. எம்.ஒய்.சி.என். என்று இன்னொரு மண்டோர் மரபணு இருக்கிறது. கருவில் நரம்பு உயிரணுக்களைப் பெருக வைத்துவிட்டு, பிறகு அது அடங்கிப்போக வேண்டும். அடங்காமல் அதன் பிரதிகள் பத்து, நூறு என்று பெருகிவிட்டால் புற்று வளரும். குழந்தைகளின் வயிற்றில் கட்டியாக வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றில் 1983-இல் இதைக் கண்டார்கள். ஒரு கண்ணில் மட்டும் வரும் விழித்திரைப் புற்றுகளில் நூற்றில் ஒன்றிரண்டுக்கு, ஆர்.பி.1 நன்றாக இருந்தும் இதுவே காரணம் என்று 2013-இல் தெரிந்தது. அவை மிகச் சிறு கைக்குழந்தைகளுக்கு வந்தவை.

ஆகவே தாய்மார்களே, கிரகணம் இதற்குக் காரணம் அல்ல. பப்பாளி தின்றதும் காரணம் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளின் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. மருமகளைத் திட்டுவதில் போகும் ஒவ்வொரு நாளும் கட்டிக்குத்தான் லாபம். தாய்ப்பால் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது எல்லாம் அப்படித்தான்.

கண்மணியில் வெள்ளை, புதிதாக வந்த மாறுகண், ஆறாத சிவப்பு, வீக்கம் — இதில் எதைப் பார்த்தாலும் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, கண் நிபுணரிடம் போகக் கடிதம் கேளுங்கள். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதையே கேளுங்கள். இந்த நோய்க்குக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் இருக்கிறது. ஊருக்குப் போய் மதுரை அரவிந்தில் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். நல்ல ஆஸ்பத்திரிதான், இந்த மரபணு ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் அலைகிற நாளில் நோய் முற்றிவிடும். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போடுவதும் வேண்டாம்.

கட்டி சிறியதாக இருந்தால் லேசர், உறைய வைத்தல், மருந்து என்று கண்ணையே காப்பாற்றப் பார்ப்பார்கள். பெரிதாகிவிட்டால் கண்ணை எடுக்கத்தான் வேண்டும். இந்த இடத்தில்தான் பல பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். "கண்ணில்லாம எப்படி வாழும்?" என்ற அழுகை யாருக்கும் புரியும். ஆனால் விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வழியே புற்று ஏறிவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். நேரத்தோடு வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். செயற்கைக் கண் பொருத்திய பிள்ளை பள்ளிக்கூடம் போகும், ஓடியாடும்.

நோய் வந்த பிள்ளையின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளின் கண்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். வெள்ளையாகத் தெரிந்த அந்தப் படத்தை மட்டும் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள்; டாக்டரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.