பெரியம்மாவுக்குக் கேட்காத பாட்டு

பெரியம்மாவுக்கு வயது 78. போன் செய்தால் எடுப்பதே இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் குறை. "அடிச்சா எடுக்க மாட்டேனாப்பா? அடிக்கவே மாட்டேங்குதே!" என்பார் அவர். பேரன் ஆசையாக, அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை முழுசாக ரிங்டோனாக வைத்துக் கொடுத்திருந்தான். அந்தப் பாட்டு தம்புரா சுருதியோடு மெல்லத் தொடங்கும். பிறகு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்ச நேரம் முழங்கும். பாடுகிறவர் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு அடங்கிவிடும்.

ஒரு மதியம் உட்கார்ந்து, அதே பாட்டின் பல்லவியிலிருந்து பத்து நொடியை வெட்டி வைத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் மகள் அழைத்தபோது, அடுப்படியில் இருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார்.

அதன்பின் தெருவில் பலர் போனை நீட்டினார்கள். கூடவே ரிங்டோனைப் பற்றிய நம்பிக்கைகளையும் கொண்டுவந்தார்கள். அவற்றில் சில பாதி சரி, சில முழுத் தவறு.

நம்பிக்கை: முழுப் பாட்டையும் வைத்தால்தான் நன்றாக இருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் முழுப் பாட்டையும் வைக்கலாம், தடையில்லை. ஆனால் அது ஒலிக்க நேரமிருக்காது. இந்தியாவில் ஒரு செல்போன் அழைப்பு எடுக்கப்படாவிட்டால் 30 நொடி வரைதான் மணியடிக்கும், லேண்ட்லைனில் 60 நொடி. 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த வரையறை இது. ஐந்து நிமிடப் பாட்டில் நாலரை நிமிடம் யார் காதிலும் விழாமல் போனுக்குள்ளேயே கிடக்கும்.

மனதில் நிற்க நீளமும் தேவையில்லை. உலகமெங்கும் ஒலித்த நோக்கியா மணியை நினைத்துப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டு கிதார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரேகா 1902இல் இயற்றிய 'கிரான் வால்ஸ்' என்ற இசையிலிருந்து எடுத்தது. மொத்தம் 13 ஸ்வரம். பக்கத்து மேசையில் அது ஒலித்தால் நாம் நம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்த காலம் ஒன்று உண்டு.

எங்கே வெட்டுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. முதல் கணத்திலேயே ஒலி தொடங்க வேண்டும். அரை நொடி மௌனம்கூட முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெட்டிய துண்டு முடிந்ததும் போன் அதையே திரும்ப ஒலிக்கும் என்பதால், முடிவும் தொடக்கமும் தாளத்தில் சேர வேண்டும். கையால் தாளம் போட்டு, ஓர் ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் வெட்டுங்கள். நிமிடத்துக்கு 96 தட்டு ஓடுகிற பாட்டில் 16 தட்டுக்குச் சரியாகப் பத்து நொடி. 15ஆவது தட்டில் வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு இடறி விழும். எதனால் எரிச்சல் என்று கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் எரிச்சல் வரும்.

நம்பிக்கை: சத்தத்தைக் கூட்டி வைத்தால் யாருக்கும் கேட்கும்.

பெரியம்மாவின் பேரன் இதையும் செய்து பார்த்திருந்தான். வெட்டும் செயலியில் ஒலியளவை இரண்டு மடங்காக்கினான். பாட்டு கரகரத்ததே தவிர, கேட்கவில்லை.

காரணம் இரண்டு. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி ஏற்றினால் ஒலியலையின் முகடுகள் மழுங்கிப்போகும், அந்தக் கரகரப்பு அதுதான். இரண்டாவது, போனின் ஸ்பீக்கர் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள முழக்கங்களை அதனால் சரியாக வெளியே தள்ள முடியாது. கல்யாண வீட்டில் தவிலின் தொப்பி நெஞ்சில் அதிரும், போனில் அது காணாமல் போகும். நாதஸ்வரம் மட்டும் தப்பித்து வெளியே வரும்.

ஆகவே கூட்டுவதற்கு முன் குறைக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கி, அதிலுள்ள ஹை-பாஸ் ஃபில்டரால் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தணித்துவிடுங்கள். போன் எப்படியும் ஒலிக்கப்போகாத பகுதி அது. அது போனதும் உச்சவரம்புக்குக் கீழே இடம் கிடைக்கும். பிறகு 'நார்மலைஸ்' கொடுத்தால், குரலும் நாதஸ்வரமும் கரகரக்காமல் மேலே வரும்.

முதியவர்களுக்கு வைக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வயதாகும்போது செவியில் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். புதுப் போன்களில் தானாகவே வருகிற கிணுகிணுப்பும் பறவைக் கீச்சொலியும் இருபது வயதுக் காதைச் சட்டென்று எட்டும், எழுபது வயதுக் காதை எட்டாமல் போகலாம். அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பு, ஹோட்டல் போன்ற இடங்களின் படுக்கை அறைகளில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும் பழைய மணிக்குப் பதிலாக 520 ஹெர்ட்ஸ் மணியைக் கேட்பதற்கும் இதுவே காரணம். உறங்கும் முதியவர்களையும் காது மந்தமானவர்களையும் அந்தத் தாழ்ந்த மணிதான் நன்றாக எழுப்புகிறது. மிகத் தாழ்ந்ததைப் போன் விழுங்கும், மிக உயர்ந்ததை வயது விழுங்கும். நடுவில் நிற்பவை மனிதக் குரல், நாதஸ்வரம், வயலினின் நடு ஸ்தாயி. பெரியம்மாவுக்குப் பல்லவி கேட்டது அதனால்தான்.

நம்பிக்கை: 128 கேபிபிஎஸ் பாட்டை 320க்கு மாற்றினால் தரம் கூடும்.

கூடாது. எம்பி3 ஆக்கும்போது தூக்கியெறிந்த ஒலி திரும்பி வராது. கோப்பின் எடை மட்டும் ஏறும். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னும் கொஞ்சம் இழப்புதான் மிஞ்சும். கிடைப்பதில் நல்ல பிரதியை எடுத்து, ஒரே முறை வெட்டி, ஒரே முறை சேமியுங்கள்.

நம்பிக்கை: ஐபோனில் காசு கொடுக்காமல் முடியாது.

ஐபோனின் ரிங்டோன் கோப்பு எம்4ஆர் என்ற பின்னொட்டோடு இருக்கும். அது தனி ரகம் ஒன்றுமில்லை. எம்4ஏ கோப்புதான் பெயர் மாறி நிற்கிறது. அதனால் எம்4ஏ பெயரை எம்4ஆர் என்று மாற்றினால் வேலை செய்யும். எம்பி3 பெயரை அப்படி மாற்றினால் செய்யாது, உள்ளே இருப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'நானும் பெயரை மாத்திப் பாத்தேன், ஏறலை' என்பவர்கள் நிறைய. கணினியே இல்லாமல் ஐபோனிலுள்ள இலவச காரேஜ்பேண்ட் செயலியிலும் செய்யலாம், 30 நொடிக்குள் இருக்க வேண்டும். 2025இல் வந்த ஐஓஎஸ் 26இல் இன்னும் எளிது. அந்த அளவுக்குள் உள்ள ஒலிக்கோப்பைத் திறந்து, ஷேர் பொத்தானை அழுத்தினால் ரிங்டோனாக வைக்கும் வழி அங்கேயே இருக்கிறது.

நம்பிக்கை: இதற்கென்று ஒரு ரிங்டோன் ஆப் வேண்டும்.

இதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கவலை வருகிறது. ஆண்ட்ராய்டில் வெட்டிய கோப்பை 'ரிங்டோன்ஸ்' என்ற ஃபோல்டரில் போட்டு, செட்டிங்ஸில் ஒலி என்ற பகுதிக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆப் தானே ரிங்டோனை மாற்ற வேண்டுமென்றால், போனின் அமைப்பை மாற்றும் அனுமதியைக் கேட்பது நியாயம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மணி வைக்கத் தொடர்புப் பட்டியலைக் கேட்பதும் நியாயம். குறுஞ்செய்திகளைப் படிக்கவும் இருக்கும் இடத்தை அறியவும் ஒரு ரிங்டோன் ஆப்புக்கு என்ன தேவை? வங்கியின் ஓடிபி வருகிற போன் அது. அப்படிக் கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள்.

நம்பிக்கை: நான் வைக்கிற பாட்டு என்னை அழைப்பவருக்கும் கேட்கும்.

அது காலர் ட்யூன். நம் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பில் இருந்து ஒலிக்கிறது. 2020 மார்ச்சில் யாரை அழைத்தாலும் முதலில் ஓர் இருமல் சத்தமும் கொரோனா எச்சரிக்கையும் கேட்டதே, அதுவும் வலையமைப்பிலிருந்து வந்ததுதான். போன் செட்டிங்ஸில் தேடித் தேடி அதை அணைக்க முடியாமல் போனது அதனால்தான்.

நம்பிக்கை: 30 நொடிக்குள் என்றால் பதிப்புரிமை கிடையாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 எந்த இடத்திலும் இத்தனை நொடி என்று சொல்லவில்லை. அதன் 52ஆவது பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமாகக் கையாள்வதை அனுமதிக்கிறது. நீங்கள் வாங்கிய பாட்டை வெட்டி உங்கள் போனில் வைத்துக்கொள்வது ஒன்று, வெட்டியதை ஊருக்கெல்லாம் ஏற்றி விடுவதும் விற்பதும் வேறொன்று. ஐந்து நொடியானாலும் அதுவே. பொது இடத்தில் போன் மணியடிப்பது இசை நிகழ்ச்சி நடத்துவதற்குச் சமம், கட்டணம் வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. 2009இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

நம்பிக்கை: ரிங்டோன் என்றால் பாட்டுதான்.

வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவும் ஓர் ஒலிக்கோப்புதான். ஓபஸ் என்ற வடிவத்தில் இருக்கும். போன் அதை ஏற்காவிட்டால் எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம். இனி திரும்பப் பேச முடியாதவரின் குரல் என்றால், வெட்டுவதற்கு முன் அசலை வேறோர் இடத்தில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். கைதவறி அசல்மேலேயே சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை.

தொடர்புப் பட்டியலில் ஒரு பெயரைத் திறந்து, அவருக்கு மட்டும் தனி மணி வைக்கலாம். பெரியம்மாவின் மகளிடம் ஒரு வரி பேசி அனுப்பச் சொன்னேன். "அம்மா, நான்தாம்மா, எடு" என்று அனுப்பினாள். முன்னால் இருந்த மூச்சுச் சத்தத்தை நீக்கி, தாழ் ஒலியைத் தணித்து, அவள் எண்ணுக்கு வைத்துக் கொடுத்தேன். மகள் கூப்பிட்டால் இப்போதெல்லாம் யாரென்று பார்க்கப் பெரியம்மா கண்ணாடியைத் தேடுவதில்லை. "இதோ வரேண்டி" என்று பதில் சொல்லிக்கொண்டேதான் போனை நோக்கி நடக்கிறார்.