சுவரில் ஏறும் உண்ணி

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது நாட்டு நாய் இருக்கிறது. பங்குனி பிறந்ததிலிருந்து உண்ணித் தொல்லை தாங்கவில்லை. வாரம் தவறாமல் உண்ணி சோப்பு போட்டுக் குளிப்பாட்டுகிறேன். மாமியார் சொன்னபடி வேப்பெண்ணெயும் தடவிப் பார்த்தாயிற்று. குளித்த மூன்றாம் நாளே காதுக்குள் மறுபடி உண்ணி. போன வாரம் வராந்தா சுவரில் பொடி உண்ணிகள் ஏறுவதைப் பார்த்துப் பதறிவிட்டேன். மண்ணெண்ணெய் தடவினால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஐந்து வயதுப் பையன் நாயோடு புரண்டு விளையாடுகிறான், பூனையும் உண்டு. என்ன செய்வது, டாக்டர்?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும். நாய் நக்கி, அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் பதறிப்போன அந்தச் சுவரில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊர் நாய்களிடம் அதிகம் காணும் பழுப்பு உண்ணி, நாய் மேல் குடியிருப்பதில்லை. ரத்தம் குடிக்க ஏறுகிறது, வயிறு நிறைந்ததும் இறங்கிவிடுகிறது. ஆறு கால் குஞ்சாக ஒரு முறை, எட்டுக் கால் வந்த பிறகு ஒரு முறை, வளர்ந்த பின் ஒரு முறை, அவ்வளவே அதன் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் சுவர் விரிசலிலும் நிலைக்கால் இடுக்கிலும் சாக்குக்கு அடியிலும் கிடக்கும். ஆமணக்கு விதை மாதிரி உப்பிய பெண் உண்ணி அங்கே போய் நாலாயிரம் முட்டை வரைகூட இட்டுவிட்டுச் சாகும். வளர்ந்தவை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நீங்கள் வாராவாரம் குளிப்பாட்டியது நாயை. உண்ணிக் கூட்டத்தில் பெரும்பங்கு வராந்தாவில் இருக்கிறது.

ஆகவே முதலில் நாய் படுக்கும் இடம். சாக்கு, பாய், பழைய துணியை எரித்துவிடுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியதைக் கொதிநீரில் போடுங்கள். விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைப்பது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. இடுக்குகளில் மருந்து அடிப்பதானால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாயும் பூனையும் பையனும் இல்லாத நேரத்தில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை நாய் மேல் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். வாயில் நுரை தள்ளத் தள்ளத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

நாய்க்கு இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா போன்றவை மாதம் ஒன்று. பிரவெக்டோ மூன்று மாதத்துக்கு ஒன்று. எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தில் விடும் சொட்டுமருந்தும் உண்டு; வாராவாரம் சோப்பு போடும் உங்கள் வீட்டில் அது நிற்காது. பூனை இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை: நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

கண்ணில் படும் உண்ணியைக் கையால் பிய்க்காதீர்கள். புருவம் திருத்தும் பிளக்கர் போதும். ரோமத்தை விலக்கி, உப்பிய வயிற்றை விட்டுவிட்டு, தோலை ஒட்டிய தலைப் பக்கம் பிடித்து, திருகாமல் நிதானமாக நேரே இழுங்கள். வாய்த் துணுக்கு உள்ளே தங்கினால் தோண்ட வேண்டாம், தானே வெளிவந்துவிடும். பிடுங்கியதை ஸ்பிரிட்டில் போடுங்கள். நகத்தில் வைத்து நசுக்குவது பேனோடு நிற்கட்டும். கீழே போட்டால் நாயே தின்றுவிடும், உண்ணியைத் தின்பதாலேயே தொற்றும் நோயும் ஒன்று உண்டு. காது மடல், விரல் இடுக்கு, அக்குள், வாலடி, கழுத்துப்பட்டைக்கு அடிப்புறம் எல்லாம் தினமும் தடவிப் பாருங்கள்.

மாத்திரை கொடுத்த பிறகும் இரண்டு மூன்று மாதம் உண்ணி தென்படும். சுவரில் இருப்பவை ஒவ்வொன்றாக ஏறி, கடித்த பிறகுதான் சாகும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று இந்தக் கட்டத்தில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். எர்லிக்கியா, பேபீசியா இரண்டுமே இந்த உண்ணி கொண்டுவருபவை. மருந்து வெவ்வேறு என்பதால் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். எர்லிக்கியா வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். உங்கள் நாய் இத்தனை நாள் கடிபட்டிருப்பதால், நன்றாக ஓடியாடினாலும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

பையனைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். இந்த உண்ணிக்கு நாய்தான் பிடித்தம், மனிதரைக் கடிப்பது அபூர்வம். விளையாடி வந்ததும் காதின் பின்புறமும் தலைமுடியும் பாருங்கள். உண்ணி கடித்த பின் காய்ச்சல் கண்டால், கடித்த விவரத்தைக் குழந்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.